கோடு போட்ட இடங்கள்

வாஷிங் மெஷின் நின்றுபோய்விட்டது என்று கூப்பிடுகிற பத்து வீடுகளில் ஏழு வீட்டில் மெஷின்மேல் தப்பு இருக்காது. சட்டைப் பையில் மறந்துவிட்ட சில்லறை, கொண்டை ஊசி, குழந்தையின் ஒற்றைக் காலுறை என்று ஏதாவது ஒன்று வடிகுழாயில் போய் உட்கார்ந்திருக்கும். வீட்டுக்காரர்கள் லேசில் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். "நாங்க பையெல்லாம் பார்த்துட்டுத்தான் போடுவோம்" என்பார்கள். நான் எதிர்த்துப் பேசுவதில்லை. அடைப்பை எடுத்துக் காட்டிவிட்டுக் கையைக் கழுவிக்கொண்டு வந்துவிடுவேன். பதினாறு வருடமாக இந்த வேலை. என்மேல் ஒரு புகார் வந்ததில்லை.

நீங்கள் கேட்டதால்தான் இதைச் சொல்கிறேன், இன்ஸ்பெக்டர் மேடம். "நீங்க எப்படிப்பட்ட ஆளுன்னு எனக்கே புரியல, சுருக்கமா எழுதுங்க, ஆனா உள்ளத எழுதுங்க" என்று சொல்லி நான்கு தாள் கொடுத்துவிட்டுப் போனீர்கள். குரல் உயர்த்தத் தெரியாத ஆள் நான். புது மாடல் வந்தால் கையேட்டை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம்வரை படித்த பிறகுதான் திருகாணியில் கை வைப்பேன். கூட வேலை செய்கிறவர்கள் என்னை 'மேனுவல்' என்று கூப்பிடுவார்கள். கிண்டல்தான். ஆனால் புது போர்டு ஒன்று மக்கர் செய்தால் அந்தக் கிண்டல்காரர்கள் எல்லாரும் என்னிடம்தான் வந்து நிற்பார்கள்.

நடந்ததற்கு முழுக் காரணம் நான்தான். அதை இங்கேயே எழுதிவிடுகிறேன். மீதித் தாள்களில் எழுதப்போவது எப்படி நடந்தது என்பதை மட்டும்.

எனக்குக் கல்யாணமாகி ஒன்பது வருடம். குழந்தை இல்லை. அதைப் பற்றி நாங்கள் சண்டை போட்டதில்லை. எதைப் பற்றியும் போட்டதில்லை. என் மனைவி ரத்தப் பரிசோதனை நிலையம் ஒன்றில் வேலை பார்த்தாள். வருகிறவர்களின் பெயர், வயது கேட்டுக் குப்பிகளில் சீட்டு ஒட்டுகிற வேலை. சம்பளத்தைவிட அங்கே இருந்த பெண்களுக்காகத்தான் போனாள் என்று நினைக்கிறேன். மொத்தம் ஆறு பேர். ஒருவர் புத்தகம் வாங்கினால் அது ஆறு கைக்கும் போய்த் திரும்பும். எல்லாம் காதல் கதைகள். இப்போது நிறைய வருகின்றனவே, முரடன் ஒருவன் ஒரு பெண்ணைப் பாடாய்ப்படுத்திவிட்டுக் கடைசியில் அவளுக்காக உருகுவான், அந்த மாதிரி.

போன வருடம் அவளுடைய அக்கா வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். அக்கா என்னைப் பார்த்துக்கொண்டே, "உன் வீட்டுக்காரர் கோபப்பட்டு நான் பார்த்ததே இல்லடி, குடுத்துவெச்சவ நீ" என்றார். என் மனைவி சிரித்தாள். "நான் வீட்ட விட்டு ஓடிப்போனாக்கூட, வாசல்ல கெடக்குற பால் பாக்கெட்ட எடுத்து உள்ள வெச்சுட்டுத்தான் என்னைத் தேடுவாரு" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது, நன்றாகத்தான் சொல்லியிருந்தாள். வீட்டுக்குத் திரும்பும்போது வண்டியில் அதையே நினைத்துக்கொண்டு வந்தேன். அவள் சொன்னது சரி. பாக்கெட்டை எடுத்து வைத்துவிட்டுத்தான் தேடியிருப்பேன்.

அதற்கு ஒரு வாரம் கழித்து, அவள் பின்பக்க பால்கனியில் துணி காயப்போட்டுக்கொண்டே தோழியுடன் போனில் பேசுவதைக் கேட்டேன். "ராட்சசன் இன்னிக்கு என்ன பண்ணான்? ஐயோ, சொல்லிடாத, நானே பார்த்துக்கறேன்" என்றாள். அந்தக் குரலை ஒன்பது வருடத்தில் நான் கேட்டதில்லை. குழைவும் கள்ளச் சிரிப்பும் கலந்த குரல். யாரோ ஒருவன் இருக்கிறான் என்றே நினைத்தேன்.  அன்று அவள் குளிக்கப் போனபோது பையைத் திறந்து பார்த்தேன். புத்தகம்தான் இருந்தது. அட்டையில் ஒருவன் முதுகைக் காட்டிக்கொண்டு மழையில் நின்றான். ராட்சசன் அவன்தான்.

நிம்மதியாக இருந்திருக்க வேண்டும். காகித மனிதன்மேல் எனக்குப் பொறாமை வந்தது.

அவள் அக்கா வீட்டுக்குப் போன இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் அதை முழுக்கப் படித்தேன். பல இடங்களில் பென்சிலால் கோடு போட்டிருந்தது. சில இடத்தில் இரண்டு கோடு, சில இடத்தில் ஓரத்தில் நட்சத்திரம். அவன் அவளுடைய மணிக்கட்டைப் பிடித்து இழுக்கிற இடம். 'நீ யாருடன் பேச வேண்டும் என்று நான் சொல்கிறேன்' என்கிற இடம். கைப்பேசியைப் பிடுங்குகிற இடம். வேலையை விடச் செய்து, யாரும் வர முடியாத தீவில் ஒரு வீட்டில் கொண்டுபோய் வைக்கிற இடம். கோடு போட்ட இடங்கள் மொத்தம் நாற்பத்து மூன்று. ஒவ்வொன்றையும் படம் எடுத்து எண் போட்டு வைத்தேன். என் கைப்பேசி உங்களிடம் இருக்கிறது, பார்த்திருப்பீர்கள்.

ஒன்பது வருடமாக அவள் எனக்குச் சொல்லாததை யாரோ அச்சடித்து, அவளே கோடு போட்டுக் கையில் கொடுத்ததுபோல் இருந்தது. இவ்வளவு நாள் கையேடு இல்லாமல் வேலை பார்த்துவிட்டேன் என்றுகூட வருத்தப்பட்டேன்.

முதல் எண்ணிலிருந்து தொடங்கினேன். ஒருநாள் சொல்லாமல் அவளுடைய வேலையிடத்து வாசலில் போய் நின்றேன். அவள் வெளியே வந்ததும், தோழிகள் எல்லாரும் பார்க்க, மணிக்கட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்து வண்டியில் உட்காரவைத்தேன். ஒரு வார்த்தை பேசவில்லை. கதையிலும் அவன் பேச மாட்டான். அவள் முதலில் பதறினாள். பிறகு என் முதுகில் லேசாகக் குத்தி, "என்னங்க இது புதுசா?" என்று சிரித்தாள். மறுநாள் காலையில் எனக்கு முன்னால் எழுந்து என் சட்டைக்கு இஸ்திரி போட்டு வைத்திருந்தாள். அந்த ஒரு சிரிப்பை வைத்துக்கொண்டுதான் மற்றதையெல்லாம் செய்தேன். அதற்குப் பிறகு அவள் சிரிக்கவில்லை என்பதைக் கவனிக்காமல் இல்லை.

ஏழாவது இடம், வேறு ஆணைப் பற்றியது. அவர்கள் நிலையத்தில் வீடுவீடாகப் போய் ரத்தம் எடுத்துவருகிற இளைஞர் ஒருவர் இருந்தார். மழை நாளில் இரண்டு முறை அவளை வீட்டில் கொண்டுவந்து விட்டிருக்கிறார். அவள் அவரைத் தம்பி என்றுதான் கூப்பிடுவாள். அவருக்குப் போன் செய்து, கதையில் இருந்த நான்கு வரிகளையும் அப்படியே சொன்னேன். நான் சத்தம் போடவில்லை. அதனாலேயே அவர் பயந்திருக்க வேண்டும். மறுநாள் அவள் அழுதுகொண்டே வந்தாள். "அந்தத் தம்பி என் மூஞ்சியையே பார்க்க மாட்டேங்குது. அப்படி என்னங்க சொன்னீங்க?" என்றாள். கதையிலும் அந்த இடத்தில் அவள் அழுகிறாள். ஏழாவது படத்தில் சரி என்று குறித்துக்கொண்டேன்.

பிறகு அவளுடைய கைப்பேசியை வாங்கி வைத்துக்கொண்டேன். பிடுங்கவில்லை. கையை நீட்டினேன், கொடுத்துவிட்டாள். அதற்கடுத்த வாரம் நிலையத்தின் டாக்டரைப் போய்ப் பார்த்து, அவளுக்கு அடிக்கடி தலைசுற்றல், இனி வேலைக்கு வர மாட்டாள் என்று சொல்லிக் கடிதம் கொடுத்தேன். கையெழுத்து நான் போட்டது. டாக்டர் நல்ல மனிதர், "உடம்பைப் பார்த்துக்கச் சொல்லுங்க" என்று சொல்லி அனுப்பினார். எங்களிடம் தீவு இல்லை, இரண்டாவது மாடியில் இரண்டு அறை இருந்தது. வாசல் கதவில் உள்பக்கமும் சாவி போட்டால்தான் திறக்கிற பூட்டை மாட்டினேன். அரை மணி நேர வேலை.

நான் அவளை ஒருநாளும் அடித்ததில்லை. ராட்சசனும் அடிக்க மாட்டான்.

பூட்டு மாட்டிய நாலாம் நாள், சமையலறையில் என் எதிரே வந்து உட்கார்ந்தாள். அழுகை இல்லை. "உங்களுக்கு என்ன ஆச்சு? யார்கிட்டயாவது காட்டலாங்க. நான் கூட வரேன்" என்றாள். எனக்குச் சுகமில்லை என்று நினைத்திருக்கிறாள். நான் படங்களை ஒவ்வொன்றாகத் தள்ளிக் காட்டினேன். நாற்பத்து மூன்றையும் பார்த்தாள். பார்க்கப் பார்க்க அவள் முகம் வெளுத்தது.

"இந்தக் கோடு நான் போட்டதில்லங்க" என்றாள்.

"உனக்குப் பிடிக்காதுன்னு சொல்றியா?"

"படிக்கப் பிடிக்கும். இல்லன்னு ஏன் சொல்லணும்? வயித்துல ஒரு மாதிரி பண்ணும், அடுத்த பக்கம் என்னன்னு ஓடும். எத்தன தடவ படிச்சாலும் அவன் திருந்திடுவான்னு எனக்குத் தெரியும். பிடிக்கலன்னா மூடி வெச்சுட்டுத் துணி காயப்போடப் போயிடுவேன். உங்கள எப்படிங்க மூடி வெப்பேன்?"

இதை அவள் சொன்னது சொன்னபடி எழுதியிருக்கிறேன். அன்று இது எனக்குப் புரியவில்லை என்று எழுதினால் நீங்கள் நம்பிவிடுவீர்கள். புரிந்தது. ஆனால் கதையிலும் அவள் எல்லாவற்றையும் மறுத்துக்கொண்டேதான் இருக்கிறாள். முந்நூறு பக்கம் மறுக்கிறாள். மறுப்பதை நம்பிவிட்டால் கதையே இல்லை. அப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

இன்னொன்றையும் எழுத வேண்டும். இந்தப் பத்தியை இரண்டு முறை எழுதி அடித்துவிட்டேன், மன்னிக்கவும். ஆறாம் நாளிலிருந்து அவளுக்கு என்மேல் பயம் வந்துவிட்டது. நான் செருப்பைக் கழற்றுகிற சத்தம் கேட்டதும் எழுந்து நிற்பாள். எதற்கும் "சரிங்க" என்பாள். தண்ணீர் குடிக்கப் போவதற்குக்கூட என் முகத்தைப் பார்த்துவிட்டுப் போனாள். அது எனக்குப் பிடித்திருந்தது. நாள் முழுக்க யார் யார் வீட்டிலோ தரையில் மண்டியிட்டு, அவர்கள் அடைத்துவைத்ததை எடுத்துக் கொடுத்துவிட்டு வருகிறவனுக்கு, வீட்டில் ஒரு ஆள் எழுந்து நிற்பது பிடித்திருந்தது. அந்தப் புத்தகங்களில் என்ன இருக்கிறது என்று எல்லாரும் விழுந்து விழுந்து படிக்கிறார்கள் என அதுவரை எனக்குத் தெரியாது. அன்று தெரிந்துகொண்டேன். அவளுக்காகச் செய்கிறேன் என்று அதற்குப் பிறகும் சொல்லிக்கொண்டிருந்தேன். அது பொய். இதை எழுதும்போது என் முகத்தை நானே பார்க்க முடியாததுபோல் இருக்கிறது.

அவளுடைய அக்கா மூன்று முறை போன் செய்தார். "தம்பி, அவகிட்ட ஒரு நிமிஷம் குடுங்களேன்" என்றார். தூங்குகிறாள் என்றேன். கடைசி முறை, "பகல் பதினோரு மணிக்கா?" என்று கேட்டார். மாத்திரை போட்டிருக்கிறாள் என்றேன். "நான் சனிக்கிழமை வந்து பார்க்கறேன்" என்றார். சனிக்கிழமைக்கு இன்னும் இரண்டு நாள் இருந்தது.

பதினோராம் நாள் அவள் பின்பக்க பால்கனியிலிருந்து கீழே விழுந்தாள். அது உங்களுக்குத் தெரியும். இடுப்பெலும்பும் தாடையும் உடைந்துவிட்டன.

அன்று மத்தியானம் மருத்துவமனை வராந்தாவுக்கு அவளுடைய தோழி வந்தார். ஆறு பேரில் மூத்தவர், ரிப்போர்ட் டைப் செய்கிறவர், குரலுக்காக எல்லாரும் அவரை 'மைக்செட் அக்கா' என்பார்கள். அழுது அழுது அவருக்குக் குரலே இல்லை. அவரிடம் நான்தான் புத்தகத்தைப் பற்றிக் கேட்டேன். ஏன் கேட்டேன் என்று தெரியவில்லை. அவள் சொன்னது பொய்யாக இருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டிருப்பேன்.

"கோடா? அதெல்லாம் நான் போடறதுப்பா" என்றார். "மத்தியானம் சாப்பிடும்போது சத்தமா படிப்பேன். எது ரொம்பக் கூத்தா இருக்கோ அதுக்குக் கோடு. வயிறு வலிக்கச் சிரிக்கணும்னா நட்சத்திரம். உன் பொண்டாட்டிதான் ராட்சசன் மாதிரி குரல் மாத்திப் பேசிக் காட்டுவா. நாங்க புரைக்கேறிச் சாவோம்."

அவள் ஒரு கோடுகூடப் போடவில்லையா என்று கேட்டேன்.

"அவ கோடெல்லாம் போட மாட்டா. மூலைய மடிச்சு வெப்பா, அவ்வளவுதான். அந்தப் புத்தகத்துல ஒரே ஒரு பக்கத்ததான் மடிச்சிருந்தா."

எந்தப் பக்கம் என்று எனக்குத் தெரியும். ஆறாம் அத்தியாயத்தில், அந்தப் பெண் ராட்சசனுடைய வீட்டு வாசல் கதவைத் தானே திறந்துகொண்டு வெளியே நடந்து போகிறாள். பஸ் ஏறி, ஜன்னலோரம் உட்கார்ந்து, முகத்தில் காற்றுப் பட வெகுதூரம் போகிறாள். கதை அவளைத் திருப்பிக் கொண்டுவருவதற்கு முன்னால் அந்த ஒரு பக்கத்தில்தான் அவள் தனியாக இருக்கிறாள். அதில் கோடு இல்லை. மடிப்பைப் பார்த்து, புத்தகத்தை இப்படிக் கெடுக்கக் கூடாது என்று கட்டைவிரலால் நீவி நேராக்கியவன் நான்.

இப்போது முதல் நாள் எழுதிக் கொடுத்ததைத் திருத்த வேண்டும். கீழே வண்டியை நிறுத்திக்கொண்டிருந்தேன், சத்தம் கேட்டு ஓடினேன் என்று அதில் இருக்கும். அது உண்மை இல்லை.

அன்று மெஷினுக்கு மாட்ட வேண்டிய ஒரு பெல்ட்டை எடுக்க மறந்து, பத்தே முக்காலுக்கு வீட்டுக்குத் திரும்பினேன். பால்கனிக் கதவு திறந்திருந்தது. அங்கே கம்பிக் கைப்பிடி மட்டும்தான், வலை இல்லை. பூட்டு மாட்டும்போது அது வழியாக யார் போவார்கள் என்று விட்டுவிட்டேன். அவள் கம்பிக்கு அந்தப் பக்கம் இருந்தாள். இரண்டு கைகளாலும் கம்பியின் அடிப்பகுதியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு, காலால் முதல் மாடி சன்ஷேடைத் தேடிக்கொண்டிருந்தாள். கால் எட்டவில்லை. நாலு விரற்கடை குறைந்தது. கீழ்வீட்டுக்கார அம்மாவைக் கூப்பிட வாய் திறந்தவள், என்னைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டாள்.

எனக்கும் அவளுக்கும் மூன்றடி இருந்திருக்கும். நான் நல்ல பலசாலி. தனி ஆளாக மெஷினைத் தூக்கி மாடி ஏற்றுகிறவன்.

நாற்பத்து மூன்றாவது இடத்தில், அந்தப் பெண் பாறை விளிம்பில் தொங்குவாள். அவன் பக்கத்திலேயே நின்றுகொண்டு, 'என்னைக் கூப்பிடு' என்பான். அவள் பிடிவாதமாக இருப்பாள். பிறகு அவன் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவாள். அவன் தூக்கிவிடுவான். அதிலிருந்து அவளுக்கு அவன்மேல் காதல். அந்தப் பக்கத்தில் இரண்டு நட்சத்திரம் இருந்தது.

"கூப்பிடு" என்றேன்.

அவள் என்னைப் பார்த்தாள். விரல்கள் வெளுத்துப்போயிருந்தன. திட்டவில்லை, கெஞ்சவில்லை. எவ்வளவு நேரம் என்று கேட்பீர்கள். மெஷின் அழுக்குத் தண்ணீரை வெளியே தள்ளி முடிக்கிறவரை என்று வைத்துக்கொள்ளுங்கள். கொஞ்சநேரம் இல்லை. நான் கையை நீட்டவில்லை. இரண்டு கையும் என் பக்கத்தில்தான் இருந்தன. அவள் ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் போதும் என்று நின்றுகொண்டிருந்தேன். அவள் கீழே ஒரு முறை குனிந்து பார்த்தாள், மறுபடி என்னைப் பார்த்தாள். பிறகு கையை விட்டுவிட்டாள். வழுக்கவில்லை மேடம். அருகில் நின்று பார்த்தவன் சொல்கிறேன், விட்டாள்.

இதுதான் நான் செய்தது. தள்ளவில்லை என்பதை எனக்குச் சாதகமாக எழுதிக்கொள்ள வேண்டாம். என்ன தண்டனை கொடுத்தாலும் நான் வக்கீல் வைத்து வாதாடப்போவதில்லை.

நேற்று அவளுக்கு நினைவு திரும்பியதாகச் சொன்னீர்கள். தாடையைக் கம்பி போட்டுக் கட்டியிருப்பதால் பேச முடியாமல், நர்ஸிடம் சீட்டில் எழுதிக் காட்டினாள் என்று அந்தச் சீட்டையும் காட்டினீர்கள். 'அவரை உள்ளே விடாதீர்கள்' என்று இருந்தது. அவள் கையெழுத்துதான், எனக்குத் தெரியும். அதில் எனக்கு வருத்தம் இல்லை. அவள் எழுதியது நியாயம்.

கட்டைப் பிரிக்க ஆறு வாரம் ஆகும் என்று டாக்டர் சொன்னாராம். அதுவரை நான் எதுவும் கேட்க மாட்டேன். பிரித்த பிறகு, அவள் முதல்முதலாக வாய் திறந்து யாரைக் கூப்பிட்டாள் என்று மட்டும் எனக்குச் சொல்லி அனுப்புங்கள்.